கலாவதி டீச்சரும் நூல் கட்டாத பாட்டிலும்

போன வியாழக்கிழமை காலை போளூர் பேருந்து நிலையத்தில் டீக்கடை முன்னால் நின்றுகொண்டிருந்தேன். ஆரணி பஸ் இன்னும் வரவில்லை. கைபேசி அடித்தது. எங்கள் பழைய மாணவி காவ்யா. சென்னையில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் வேலை பார்க்கிறாள். எப்போது கூப்பிட்டாலும் "ஐயா, நல்லா இருக்கீங்களா" என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் பேசுகிற பெண். அன்று மூச்சு மட்டும்தான் கேட்டது.

"ஐயா, மிஸ் போயிட்டாங்க ஐயா."

எந்த மிஸ் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. காவ்யாவுக்கு எத்தனையோ பேர் பாடம் எடுத்தோம். ஆனால் முன்னால் பெயர் சேர்க்காமல் அவள் "மிஸ்" என்றால் அது எங்கள் பள்ளியின் வேதியியல் ஆசிரியை கலாவதி ஒருவர்தான். விடியற்காலையில் மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டது.

டீயை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. "ரிட்டயர் ஆனதும் உங்க இலக்கணத்த கத்துகினு வந்து உங்ககிட்டயே தப்பு கண்டுபிடிக்கறேன் பாருங்க தமிழய்யா" என்று மிரட்டிவிட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் அவர். அதைச் செய்யாமலேயே போய்விட்டார். அவரை அறிந்தவர்களுக்கு நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அறியாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன். எழுதும்போது பெருமை கொஞ்சம் கூடிப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். அவரைப் பற்றி அடக்கமாக எழுத எனக்கு வராது.

தெள்ளார்ப் பக்கம் ஒரு பள்ளியிலிருந்து மாறுதல் வாங்கி நான் ஆரணிக்கு வந்தது ஒரு ஜூன் மாதம். கத்திரி முடிந்தும் வெயில் முடியவில்லை. பேருந்து நிலையத்திலிருந்து நடந்து, நாக்கு வறண்டு ஆசிரியர் அறைக்குள் நுழைந்தேன். ஜன்னல் திட்டில் வரிசையாகப் பாட்டில்கள். ஒன்றில் ரோஸ்மில்க் மாதிரி இளஞ்சிவப்பாக ஏதோ இருந்தது. புதிதாக வருகிறவருக்கு நல்ல உபசாரம் செய்கிறார்கள் என்று மனதுக்குள் பாராட்டிக்கொண்டே மூடியைத் திருகினேன்.

"ஐயா, ஐயா! குடிச்சிடாதீங்க. அது கால்வாத் தண்ணி!"

குள்ளமாக, மூக்குக்கண்ணாடி நெற்றியில் ஏறிக்கிடக்க, கையில் பாதி சாப்பிட்ட புளிசாதத்தோடு ஓடிவந்து பாட்டிலைப் பிடுங்கியவர்தான் கலாவதி டீச்சர். பிடுங்கியதோடு விடவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மோந்து பாத்தீங்களா, இல்ல அப்பிடியே திறந்துட்டீங்களா? எதையும் மோந்து பாக்காம திறக்கக் கூடாதுங்க" என்று முதல் பாடத்தையும் எடுத்துவிட்டார். வந்த அன்றே எனக்கு 'ரோஸ்மில்க் ஐயா' என்று பெயர் விழுந்தது. அந்தப் பெயர் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்த வழி எனக்கு இன்றுவரை தெரியாது. எனக்கு ஒருவர் மேல் சந்தேகம் உண்டு.

அந்தப் பாட்டில்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். வருடந்தோறும் எல்லாப் பள்ளிகளிலும் மாணவர்களை அறிவியல் ஆய்வு செய்யச் சொல்வார்கள். பெரும்பாலும் அது எப்படி நடக்கும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். தெர்மாகோலில் ஓர் எரிமலை, பிளாஸ்டிக் மரம் வைத்த ஒரு மழைநீர்த் தொட்டி, கணினி மையத்தில் அச்சடித்த நாலு பக்கம். டீச்சருக்கு அந்த எரிமலைகளைக் கண்டாலே எரியும். "ஆரணியில எங்கம்மா எரிமல கீது?" என்று கேட்பார். ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "உங்க தெருவுல எந்த எடத்துல மூக்க பொத்திகினு நடக்கறீங்க? அங்கேருந்து ஆரம்பிங்க."

அப்படி ஆரம்பித்துத்தான் பிள்ளைகள் ஏரிக்கரைக் குப்பையைக் கிளறினார்கள். சந்தை நாளில் டீக்கடைகள் எறியும் கப்புகளைப் பின்தொடர்ந்து போனார்கள். கொசு எந்தச் சாக்கடையில் முட்டையிடுகிறது, எதில் இடுவதில்லை என்று எட்டிப் பார்த்துக்கொண்டே நடந்தார்கள். ஒரு பெண் சாக்கடையில் விழுந்தும் எழுந்தாள். அந்த வரிசையில் நான் வந்த வருடம் பிள்ளைகள் கால்வாயிடம் வந்து சேர்ந்தார்கள்.

ஆரணிக்காரர்களுக்கு அந்தக் கால்வாயைச் சொல்லிப் புரியவைக்க வேண்டியதில்லை. நெசவுத் தெருக்களின் பின்புறமாக வந்து, எங்கள் பள்ளி மதிலை ஒட்டிப் போய், ஊருக்கு வெளியே ஓர் ஏரியில் விழுகிறது. வழியில் சாயப்பட்டறைகள் உண்டு. பட்டு நூலுக்குச் சாயம் ஏற்றி, அலசிய தண்ணீரைப் பின்பக்கம் திறந்துவிடுவார்கள். அன்றைக்குப் பட்டறையில் என்ன நிறமோ, கால்வாயிலும் அந்த நிறம்.

ஆய்வுக் குழுவில் இரண்டு பேர் முக்கியமானவர்கள். ஒருத்தி காவ்யா, நெசவு வீட்டுப் பெண். இன்னொருத்தி ஷர்மிளா. கால்வாய் போய் விழுகிற ஏரிக்குப் பக்கத்து ஊர், அப்பாவுக்கு விவசாயம். காவ்யா வீட்டுப் பக்கம் கால்வாய் கிளம்புகிறது, ஷர்மிளா வீட்டுப் பக்கம் போய் முடிகிறது. டீச்சர் வேண்டுமென்றேதான் இந்த இரண்டு பேரையும் சேர்த்தார். நான் குழுவோடு உட்கார்ந்த முதல் நாளே ஷர்மிளா சொன்னாள்: "எங்க ஊருக்கு வர்றப்போ எல்லாக் கலரும் ஒண்ணாயி கறுப்பா வரும் மிஸ். எங்க கன்னுக்குட்டி மோந்து பாத்துட்டுத் திரும்பி வந்துடும்."

"பாத்தீங்களா, கன்னுக்குட்டி மோந்து பாக்குது" என்றார் டீச்சர், என்னைப் பார்த்து.

நான் ஆய்வுக் குழுவில் எப்படி வந்தேன் என்றால், அறிக்கையின் தமிழைத் திருத்துவதற்கு. அங்கேதான் எங்கள் சண்டை ஆரம்பித்தது. தண்ணீரின் நிறம் என்ற இடத்தில் பிள்ளைகள் முதலில் சிவப்பு, நீலம் என்று எழுதினார்கள். இரண்டாம் வாரம் காவ்யாவுக்கு அது பொறுக்கவில்லை. "மிஸ், இது சிவப்பு இல்ல, அரக்கு. முந்தாநாள் பாலத்தாண்ட கெடந்தது மெரூன். ரெண்டும் வேற வேற பட்டறை" என்றாள். டீச்சர் அப்படியே நின்றுவிட்டார். பட்டுச் சேலை நிறங்களுக்கு நடுவிலேயே வளர்ந்த பெண்ணுக்குத் தண்ணீரைப் பார்த்தாலே எந்தப் பட்டறையில் எந்தச் சேலைக்கான நூல் நனைகிறது என்று தெரிகிறது. அதன் பிறகு சிவப்பு, நீலம் எல்லாம் போய், அரக்கு, மாம்பழம், மயில்கழுத்து, கத்திரிப்பூ, கிளிப்பச்சை என்று அறிக்கை துணிக்கடை மாதிரி ஆகிவிட்டது.

நான் பேனாவை எடுத்தேன். அரக்கை அடித்து செம்பழுப்பு என்று எழுதினேன். மயில்கழுத்தை நீலப்பச்சை ஆக்கினேன்.

"தமிழய்யா, செம்பழுப்புன்னு கேட்டா எந்தக் கடையிலயாவது பொடவ எடுத்துப் போடுவானா?"

"டீச்சர், இது ஆய்வறிக்கை. பொதுவாக எல்லோருக்கும் புரியணும்."

"அரக்குன்னா அரக்குதாங்க. யாருக்குப் புரியணுமோ அவங்களுக்குப் புரியும்."

அதோடு நிற்காமல் வாய் வார்த்தை வேண்டாம், சான்றே இருக்கட்டும் என்று ஒரு வழி செய்தார். நெசவு வீடுகளில் தறியடியில் அறுந்து விழுகிற நூல் எல்லா நிறத்திலும் கிடைக்கும். பிள்ளைகள் அதைக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் எடுத்த தண்ணீரை வெயிலில் பிடித்துப் பார்த்து, அதே நிற நூலைத் தேடி, பாட்டில் கழுத்தில் கட்டினார்கள். எங்கள் ஆசிரியர் அறை ஜன்னல் ஒரு கல்யாண வீட்டு வாசல் மாதிரி இருந்தது. தலைமையாசிரியை வந்து பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடமா, பட்டு மாளிகையா?" என்று கேட்டார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. நெசவுத் தெருவுக்குப் பின்னால் உள்ள மதகில் எடுத்த பாட்டிலுக்கு நீல நூல் கட்டியிருந்தது. டீச்சர் உள்ளே வந்தார், கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினார், பாட்டிலைக் கையில் எடுத்தார். ஒரு பார்வைதான்.

"காவ்யா, இது யாரு கட்டுனது?"

"நான்தான் மிஸ்."

"இது நீலமா?"

பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், எனக்கு மட்டும் விஷயம் புரியவில்லை. எனக்கு அது நீலமாகத்தான் தெரிந்தது. கொஞ்சம் ஊதா கலந்த நீலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"கண்ணு தெரியாத பொண்ணு இல்லையே நீ. சொல்லு."

"மிஸ், அது வாடாமல்லி மிஸ்" என்றாள் காவ்யா, தரையைப் பார்த்துக்கொண்டு. "நம்ம ஊர்ல வாடாமல்லி யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். அது உங்க அண்ணன்து மிஸ்."

அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, டீச்சர் சாயக்கார வீட்டில் பிறந்தவர் என்று. அவருடைய அண்ணன் சம்பந்தம் ஊரில் பெயர்பெற்ற சாயக்காரர். அவர் பட்டறை வாடாமல்லி நிறத்துக்காக வெளியூரிலிருந்து நூல் அனுப்புவார்களாம். அப்பா இல்லாத வீட்டில் தங்கையைப் படிக்கவைத்து, வாத்தியார் வேலைக்கு அனுப்பி, கல்யாணம் செய்துவைத்தவர் அவர்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் வாடாமல்லியில் ஒரு பட்டுச் சேலை தங்கை வீட்டுக்கு வந்துவிடும். பிள்ளைகள் இதையெல்லாம் அறிந்துதான் மிஸ்ஸைக் காப்பாற்ற நூலை மாற்றிக் கட்டினார்கள். வேறு ஊர்ப் பிள்ளைகளுக்கு இப்படி ஒரு தப்பு செய்யவும் தெரியாது.

டீச்சர் திட்டவில்லை. காவ்யாவின் தலையில் கை வைத்துவிட்டு, "தண்ணி கலர மாத்தலையேம்மா. நீ நூல மாத்துனா ஆராய்ச்சி எங்க இருக்கும்?" என்று மட்டும் சொன்னார். மறுநாள் வரும்போது கைக்குட்டையில் ஒரு வாடாமல்லி நூல் கொண்டுவந்தார். போன தீபாவளிச் சேலையின் முந்தானைக் குஞ்சத்திலிருந்து பிரித்தது. நீல நூலை அவிழ்த்துப் போட்டுவிட்டு அதைத் தன் கையாலேயே கட்டினார். அன்று முழுக்க அவர் அறிக்கையில் நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை.

"அண்ணங்கிட்ட நானே சொல்லிடறேன். யாரோ சொல்லி அவருக்குத் தெரிய வேணாம்" என்றார் சாயங்காலம். "நீங்களும் கூட வாங்க ஐயா. வெளியாள் இருந்தா கத்த மாட்டாரு."

வெளியாள் இருந்தும் கத்தினார். பட்டறை வாசலில் நாற்காலி போட்டு, அண்ணி காபி கொண்டுவந்து வைத்து, நலம் விசாரித்து முடித்த பிறகு டீச்சர் விஷயத்தைச் சொன்னார். சம்பந்தம் அண்ணன் கையெல்லாம் அன்றைய நிறம். முழங்கை வரை ஊதா.

"ஊர்ல நான் ஒருத்தன்தான் தண்ணி வுடறனா? எல்லாப் பட்டறைக்காரனும்தான் வுடறான். என் பேரத்தான் போடணுமா?"

"யாரு பேரும் போடலண்ணா. கலருதான் போட்டிருக்கு."

"வாடாமல்லின்னாலே என் பேருதானடி!"

அது கோபத்தில் வந்த வார்த்தை. ஆனால் அதற்குள் அவ்வளவு பெருமையும் இருந்தது. சொன்ன பிறகுதான் அவருக்கே அது உறைத்தது போலிருந்தது. இன்னும் சத்தமாகக் கத்தினார். "உன்ன படிக்க வெச்சது இதுக்குத்தானா? ஊரக் கூட்டி அண்ணன் மானத்த வாங்கறதுக்கா? போ. அந்தப் பாட்டில எடுத்துட்டுத்தான் இனிமே இந்த வாசப்படி மிதிக்கணும்."

டீச்சர் காபியை முழுவதும் குடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். "வரேன்ண்ணா, வரேன் அண்ணி" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்தார். தெரு முனை திரும்பியதும், "காபியில சக்கர கம்மி" என்றார். அந்த வருடத் தீபாவளிக்கு வாடாமல்லிச் சேலை வரவில்லை. அதன் பிறகும் வரவில்லை.

திருவண்ணாமலையில் மாவட்ட அளவிலான போட்டிக்குப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு போனோம். நடுவராக வந்தவர் பாட்டில்களைப் பார்த்தார், நூல்களைப் பார்த்தார், சிரித்தார். "அரக்கு, வாடாமல்லி! இதெல்லாம் பொடவக் கடையில சொல்லும்மா. அறிவியல்ல சொல்லக் கூடாது" என்றார். அமிலத்தன்மை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பிள்ளைகள் முறையாக அளந்து எழுதியிருந்த பக்கத்தை அவர் புரட்டவே இல்லை. பங்கேற்புச் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவைத்தார்கள். முதல் பரிசு எதற்குக் கிடைத்தது என்று நான் சொல்ல வேண்டுமா? எரிமலைக்கு.

திரும்பி வரும் பஸ்ஸில் பிள்ளைகள் அழுதார்கள். டீச்சர் வேர்க்கடலை வாங்கிக் கொடுத்துவிட்டு, "படிக்கத் தெரியாதவருகிட்ட கொண்டுபோயி காட்டிட்டோம், அவ்ளோதான். படிக்கத் தெரிஞ்சவங்ககிட்ட காட்டலாம்" என்றார். எனக்கு அப்போது அது ஆறுதல் வார்த்தை என்றுதான் தோன்றியது.

அடுத்து வந்த பெற்றோர் கூட்டத்தன்று பள்ளி வராந்தாவில் நீளமாக மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பாட்டில்களை வரிசையாக அடுக்கிவைத்தார். பெயர் இல்லை, விளக்கம் இல்லை, எந்த இடத்துத் தண்ணீர் என்பதுகூட இல்லை. கழுத்தில் நூல் மட்டும். வரிசையின் கடைசியில் ஏரித் தண்ணீர், கறுப்பு நூலோடு. அவ்வளவுதான். மதிப்பெண் பட்டியலில் கையெழுத்துப் போட வந்த அம்மாக்களும் அப்பாக்களும் அந்த மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும்.

ஆரணியில் அந்த நூல்களைப் படிக்கத் தெரியாதவர் யார்? நெசவுக்காரர்கள் ஒவ்வொரு பாட்டிலாக நின்று நின்று போனார்கள். ஒரு பட்டறைக்காரர், அவர் பெயர் வேண்டாம், ஒரு பாட்டிலை அப்படியே கையில் தூக்கிவிட்டார். "அட, இது நம்ம மயில்கழுத்து! இன்னா பளிச்சுனு கீது பாத்தியா! தண்ணியிலயே இப்பிடி ஜொலிக்குதே!" என்று பக்கத்தில் நின்ற மனைவியிடம் பூரித்துப்போய்ச் சொன்னார். மனைவி முழங்கையால் இடித்தார். அப்போதுதான் தான் எதைத் தன்னுடையது என்று சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. பாட்டிலை மெதுவாக இருந்த இடத்தில் வைத்தார்.

அவருக்கு அடுத்து நின்றவர் ஷர்மிளாவின் அப்பா. கையெழுத்துப் போடுவதற்காக வயலிலிருந்து நேராக வந்திருந்தார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. "ஜொலிக்குதுங்க, நல்லாதான் ஜொலிக்குது. எங்க கன்னுக்குட்டிதாங்க குடிக்க மாட்டேங்குது" என்றார்.

நான் டீச்சரைப் பார்த்தேன். தூணுக்குப் பின்னால் நின்று கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்பந்தம் அண்ணன் வரவில்லை. அவருக்குப் பள்ளியில் படிக்கிற பிள்ளை இல்லை. ஆனால் வாடாமல்லி நூல் கட்டிய பாட்டில் முன்னால் எல்லோரும் நின்றார்கள், பிறகு டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். சொந்த அண்ணனையும் இந்த அம்மா மேசையில் வைத்துவிட்டாரே என்ற பார்வை அது. அதனால்தான் மற்றவர்களும் தங்கள் பாட்டிலைப் பற்றி ஒன்றும் சொல்ல முடியாமல் போனார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

உடனே கால்வாய் தெளிந்துவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். டீச்சர் எங்கிருந்தாவது வந்து அடித்துவிடுவார். நடந்தது இவ்வளவுதான். அந்த மயில்கழுத்துக்காரர்தான் முதலில் வந்தார். "பேஜாராப் போச்சு டீச்சர். இன்னா பண்ணலாம் சொல்லுங்க, ஜல்தியா பண்ணிடலாம்" என்றார். ஜல்தியாக எதுவும் நடக்கவில்லை. மணலும் கரியும் போட்ட தொட்டி ஒன்றைச் சிலர் சேர்ந்து கட்டினார்கள். அடைத்துக்கொண்டது, மறுபடி கட்டினார்கள். அதிகாரிகளிடம் போனார்கள், வந்தார்கள். ஒவ்வொரு வருடமும் புதிய பிள்ளைகள் வந்து, அதே மதகுகளில் தண்ணீர் எடுத்து, ஜன்னலில் வைத்து நூல் கட்டினார்கள். நூல்களின் நிறங்கள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. நல்ல நாளில் ஏரித் தண்ணீர் பாட்டிலுக்குக் கறுப்பு போய்ச் சாம்பல் நிற நூல் வந்தது. பிள்ளைகள் கொண்டாடினார்கள்.

வாடாமல்லி மட்டும் வந்துகொண்டே இருந்தது. அந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் பிள்ளைகளை விடாமல் டீச்சரே நூல் கட்டுவார். அதே பழைய சேலையின் குஞ்சத்திலிருந்து. "குஞ்சம் தீந்துபோயிடும் போலிருக்கே டீச்சர்" என்று நான் ஒருமுறை விளையாட்டாகக் கேட்டேன். "அண்ணனுக்கு ரோஷம் தீர்ற வரைக்கும் வருங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் தீபாவளிக்கு முந்தின வாரங்களில் வாசலில் ஆட்டோ நின்றால் எட்டிப் பார்ப்பார் என்று அவர் கணவர் பிறகு என்னிடம் சொன்னார்.

அவர் ஓய்வு பெறுவதற்கு முந்தைய வருடம் ஒரு நாள் பிள்ளைகள் நெசவுத் தெரு மதகிலிருந்து கொண்டுவந்த பாட்டிலில் நிறமே இல்லை. டீச்சர் நம்பவில்லை. "பட்டறைக்கு லீவா இருக்கும். நாளைக்கு மறுபடி எடுத்துட்டு வாங்க" என்றார். மறுநாளும் நிறமில்லை. அடுத்த வாரமும் இல்லை. அண்ணன் சாயம் போடுவதை நிறுத்திவிட்டாரோ என்று பயந்துபோய் விசாரிக்கச் சொன்னார். காவ்யாவின் அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பட்டறை நன்றாகத்தான் நடக்கிறது. பின்பக்கம் சம்பந்தம் அண்ணன் தன் செலவில் ஒரு தொட்டி கட்டியிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, யாரையும் கூப்பிடவில்லை.

டீச்சர் அந்தப் பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே நின்றார். உப்பை அளந்தும் பார்த்தார். விட்டால் அவர் கலாவதி டீச்சர் இல்லையே! "கலர் போச்சுன்னா உப்பு போச்சுன்னு அர்த்தம் இல்லீங்க ஐயா. இன்னும் வேல இருக்குது" என்றார். பிறகு, "இன்னைக்கு ஒருநாள் கலர மட்டும் பாத்துக்கறேன்" என்றார். அப்போதுதான் அவர் அழுததை நான் முதல்முறையாகப் பார்த்தேன்.

"இதுக்கு என்ன நூல் கட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இதுக்கு நூல் கெடையாதுங்க. இது அண்ணன் பாட்டில்."

"போய்ப் பேசுங்களேன் டீச்சர்."

"வாசப்படி மிதிக்கக் கூடாதுன்னு சொன்னவரு, வான்னு ஒரு வார்த்த சொல்லட்டுங்க. தொட்டி கட்டத் தெரிஞ்சவருக்கு அது தெரியாதா? எங்க வீட்டு ரோஷம் எனக்கும் கொஞ்சம் இருக்குதுல்ல."

பணி நிறைவு விழாவில் பொன்னாடை, குத்துவிளக்கு, வாழ்த்து மடல் எல்லாம் கொடுத்தோம். அவற்றையெல்லாம் ஆட்டோவில் ஏற்றச் சொல்லிவிட்டு, அந்த ஒரு பாட்டிலை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

வியாழக்கிழமை நான் போய்ச் சேர்ந்தபோது வீட்டு வாசலில் தெரு அடைத்து நின்றார்கள். எல்லாம் அவருடைய பிள்ளைகள். வெம்பாக்கத்தில் வாழ்க்கைப்பட்டு, அங்கேயே அறிவியல் ஆசிரியையாக இருக்கும் ஷர்மிளா வந்திருந்தாள். அவள் பள்ளிப் பிள்ளைகளும் இப்போது எங்கே மூக்கைப் பொத்துகிறோம் என்று தேடித்தான் ஆய்வை ஆரம்பிக்கிறார்களாம். அந்த நேரத்திலும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. காவ்யா சென்னையிலிருந்து நண்பகலுக்குள் வந்துவிட்டாள்.

குளிப்பாட்டி எடுப்பதற்கு முன்னால் பிறந்த வீட்டுக் கோடிச் சேலை போர்த்த வேண்டும். வருவாரா, மாட்டாரா என்று எல்லோரும் மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். சம்பந்தம் அண்ணன் வந்தார். முன்னைவிடத் தளர்ந்திருந்தார். கையில் வாடாமல்லிப் பட்டு. மடிப்பு கலையாத, பெட்டியில் நாளாகிக் கிடந்த சேலை. "வருஷா வருஷம் எடுத்துவெச்சிகினுதாம்மா இருந்தேன்" என்று தங்கையிடமே சொல்லிக்கொண்டு அதைப் போர்த்தினார்.

எல்லாம் முடிந்து ஆண்கள் திரும்பிவந்து வாசலில் உட்கார்ந்திருந்தபோது சம்பந்தம் அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

"ஐயா, நீங்க அன்னிக்கு கூட வந்தவருதானே? நான் தொட்டி கட்டுனது அவளுக்குத் தெரியுமாங்க?"

எழுந்து உள்ளே போனேன். கூடத்து ஜன்னலில் அந்தப் பாட்டில் இருந்தது. அவர் கேட்டது காதில் விழுந்திருந்த காவ்யா அதை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து அவர் கையில் கொடுத்தாள்.

"தெரியுங்க. மிஸ் ரிட்டயர் ஆகறப்போ பள்ளிக்கூடத்துலேருந்து மடியில வெச்சிகினு வந்தது இது ஒண்ணுதான்" என்றாள். "உங்க மதகுத் தண்ணிங்க இது. இதுக்கு நூல் கெடையாது, இது அண்ணன் பாட்டில்னு எங்கிட்ட சொன்னாங்க."

அவர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் தங்கை எப்படிப் பிடித்துப் பார்ப்பாரோ அப்படியே. அதே சாய்ந்த தலை, அதே சுருங்கிய கண். பாட்டிலுக்கு அந்தப் பக்கம் வாசலில் நின்ற பிள்ளைகளெல்லாம் தெரிந்தார்கள். "ஒண்ணுமே இல்ல" என்றார். "சுத்தமா ஒண்ணுமே இல்லம்மா." அழுதார். கேட்டு வாங்கிக்கொண்டு போனார். இப்போது அது அவர் பட்டறை ஜன்னலில் இருக்கிறதாம்.

கலாவதி டீச்சர், இந்தக் கட்டுரையை நீங்கள் படித்திருந்தால் முதலில் மோந்துதான் பார்த்திருப்பீர்கள். பார்த்துக்கொள்ளுங்கள். அரக்கை அரக்கு என்றே எழுதியிருக்கிறேன், மயில்கழுத்தையும் வாடாமல்லியையும் தொடவில்லை. உங்கள் பாட்டிலைத் தன் பட்டறைக்குக் கொண்டுபோய் உங்கள் அண்ணன் வா என்று சொல்லிவிட்டார், கொஞ்சம் தாமதமாக. அடுத்த வாரம் புதிய பிள்ளைகள் கால்வாய்க்குப் போகிறார்கள். நானும் கூடப் போகிறேன். உப்பு அளக்கிற வேலை இன்னும் இருக்கிறது என்று சொன்னீர்களே, அதைப் பார்த்துக்கொள்கிறோம். நீங்கள் போய் வாருங்கள்.